பாப்பாவுக்கு அம்மை, கையில ஊருக்கு டிக்கெட்: போகலாமா, ரத்து பண்ணலாமா? ஒரு கணக்கு

இந்தத் தடவை எஸ்.ஐ.பி. இல்ல, வீட்டுக் கடன் இல்ல. 2024 மே மாசம் எங்க வீட்டுல ஒரே நாள்ல எடுக்க வேண்டியிருந்த ஒரு முடிவு. பார்க்கறதுக்கு இது ஆஸ்பத்திரி விஷயம் மாதிரி இருக்கும். ஆனா அன்னைக்கு என்னைத் தடுமாற வெச்சது காய்ச்சல் இல்லீங்க, காசுதான். அதனாலதான் இந்தப் பதிவு இங்க வருது.

எங்க ஊர் கம்பம் பள்ளத்தாக்குல, சின்னமனூர் பக்கம். வேலை சென்னையில. தேனி மாவட்டத்துக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, சித்திரை கடைசியில வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழான்னா எங்க இருந்தாலும் ஊருக்கு வந்துடணும். தெரியாதவங்களுக்கு: தேனியிலிருந்து கம்பம் போற ரோட்டுல, முல்லையாத்துக் கரையில இருக்கு கோயில். எட்டு நாள் திருவிழா. ராத்திரி பகல்னு இல்லாம தீச்சட்டி எடுத்துட்டு ஜனம் போய்க்கிட்டே இருக்கும். அம்மை கண்டு குணமானவங்க வேண்டுதல் செலுத்துற கோயில் அது. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

சென்னையிலிருந்து போடிக்கு நேரடி ரயில் 2023 ஜூன்ல வந்ததுக்கு அப்புறம் எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. மதுரையில இறங்கி பஸ் மாறுற வேலை இல்ல. வாரத்துல மூணு நாள்தான் வண்டி, அதுவும் திருவிழா நேரம், அதனால புக்கிங் திறந்த சமயத்துலயே மூணு டிக்கெட் போட்டு வெச்சிருந்தேன். நான், மனைவி, ஆறு வயசு பாப்பா. போறது புதன்கிழமை ராத்திரி, திரும்புறது அடுத்த செவ்வாய்.

வண்டிக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை காலையில பாப்பாவுக்குத் தலை சீவிவிடும்போது மனைவி கூப்பிட்டா. கழுத்துக்குப் பின்னாடி நாலு சிவப்புப் புள்ளி. முதுகுல ஏழெட்டு. அதுல ரெண்டு தண்ணி கோத்த மாதிரி. ஞாயித்துக்கிழமையிலிருந்தே லேசா சூடு இருந்துச்சு, வெயில்னு நினைச்சோம்.

டாக்டர் பார்த்த உடனே சொல்லிட்டார், சின்னம்மை. நம்ம பேச்சுல சொன்னா முத்து போட்டிருக்கு.

இப்ப நான் ஒளிக்காம ஒண்ணு சொல்றேன். கிளினிக்லயிருந்து வீட்டுக்கு வர்ற ஆட்டோவுல என் மூளைக்குள்ள ஓடுனது இதுதான்: "காய்ச்சல் பெருசா இல்ல. பிள்ளை விளையாடிட்டுத்தான் இருக்கா. முழுக்கை சட்டை போட்டு, மேல் பெர்த்துல படுக்க வெச்சுட்டா யாருக்குத் தெரியப்போகுது? டிக்கெட் காசு போயிடும். லீவு வேற வாங்கியாச்சு." இந்த நாலு வரியில மூணு வரி காசைப் பத்தினது. பாப்பாவைப் பத்தி இருந்த ஒரு வரியும் எனக்குச் சாதகமா நானே எழுதிக்கிட்டது.

உண்மையில போறது எவ்வளவு?

நம்ம மனசு "டிக்கெட் காசு போச்சு"ன்னு சொல்லும்போது முழுத்தொகையையும் சொல்லுது. நிஜம் அப்படி இல்ல. கணக்கு எளிமையா இருக்கட்டும்னு ஏ.சி. மூணடுக்குல ஒரு ஆளுக்கு ஒரு வழி 1,100 ரூபாய்னு வெச்சுக்கலாம். பாப்பாவுக்கு அஞ்சு வயசு தாண்டிடுச்சு, தனி பெர்த்னா முழுக் கட்டணம். ஆக மூணு பேர், போக வர 6,600.

அப்போ இருந்த ரத்து விதி இது. உறுதியான டிக்கெட்டை வண்டி கிளம்புறதுக்கு 48 மணி நேரத்துக்கு முன்னாடி ரத்து பண்ணா, மூணடுக்கு ஏ.சி.க்கு ஆளுக்கு 180 ரூபாய்தான் பிடிப்பாங்க, ஸ்லீப்பர்னா 120. 48 மணி நேரத்துக்கும் 12 மணி நேரத்துக்கும் நடுவுலன்னா கட்டணத்துல 25 சதவீதம். 12-க்கும் 4-க்கும் நடுவுல 50 சதவீதம். அதுக்கப்புறம் ஒண்ணும் வராது. ரயில்வே விதி அப்பப்ப மாறும், அதனால நீங்க டிக்கெட் போடுற அன்னைக்கு என்ன விதின்னு ஒரு தடவை பார்த்துக்கங்க. கணக்கோட அமைப்புதான் முக்கியம்.

நாங்க செவ்வாய்க்கிழமை ராத்திரி முடிவெடுத்தோம். போற டிக்கெட் 25 சதவீத வளையத்துல இருந்துச்சு: 275 ரூபாய் வீதம் மூணு பேருக்கு 825. திரும்புற டிக்கெட் ஒரு வாரம் தள்ளி இருந்ததால 180 வீதம் 540. மொத்தம் 1,365. ஏ.சி. வகுப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா 1,433 சொச்சம். புக் பண்ணும்போது கட்டின சேவைக் கட்டணமும் திரும்பாது, அது சின்னத் தொகை.

ஆக, என் மனசு 6,600-னு கத்திக்கிட்டிருந்த இடத்துல நிஜ நஷ்டம் 1,433. மத்த ஐயாயிரத்துச் சொச்சம் என் காசுதான், திரும்பி வரும். இதை ஒரு பேப்பர்ல எழுதின அப்புறம்தான் மூச்சு வந்துச்சு.

இன்னொண்ணும் கவனிங்க. "காலையில எப்படி இருக்கான்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்"னு புதன்கிழமை மதியம் வரைக்கும் இழுத்திருந்தா போற டிக்கெட்டுக்கு மட்டும் 1,650 போயிருக்கும். சாயங்காலம் ஸ்டேஷனுக்குக் கிளம்புற நேரத்துல பயந்து போய் நிறுத்தியிருந்தா 3,300-ம் போயிருக்கும். அம்மை ஒரு ராத்திரியில இறங்கிடாது. காத்திருந்து புதுசா எதுவும் தெரியப்போறதில்லன்னா, காத்திருக்கிறதுக்குக் காசு கொடுக்கறதுல அர்த்தம் இல்ல.

எனக்கு அப்போ தெரியாம போன ஒரு விஷயம்: உறுதியான டிக்கெட்டை அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, கணவன் மனைவி, பிள்ளைங்க, இவங்க பேருக்கு மாத்திக் கொடுக்கலாம். வண்டி கிளம்புறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி முன்பதிவு மையத்துல உறவுக்கான சான்றோட எழுதிக் கொடுக்கணும். என் தம்பி தாம்பரத்துல இருக்கான், டிக்கெட் கிடைக்காம நின்னுக்கிட்டிருந்தான், பாப்பாவை ஒரு மாசமா பார்க்கவும் இல்ல. என் சீட்டுல அவன் போயிருக்கலாம். தெரிஞ்சப்போ நேரம் தாண்டிடுச்சு.

"புக் பண்ணும்போது இன்சூரன்ஸ் டிக் பண்ணேனே?"ன்னு கேட்பீங்க. பைசா கணக்குல வாங்குற அந்த ரயில் காப்பீடு விபத்துக்குத்தான். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாம பயணம் நின்னு போனா அது உதவாது.

எத்தனாவது நாள்னு எண்ணுங்க

சரி, 1,433 ரூபாய் ஒரு தட்டுல. இன்னொரு தட்டுல என்ன இருக்கு?

சின்னம்மை காத்துல பரவும். கொப்புளத்தைத் தொட்டாத்தான் ஒட்டும்னு இல்ல. அம்மை வராத, தடுப்பூசியும் போடாத ஒருத்தர் ஒரே வீட்டுல நோயாளியோட இருந்தா பத்துப் பேர்ல ஒன்பது பேருக்கு ஒட்டிக்கும். ஜன்னல் மூடின ஏ.சி. பெட்டியில எட்டுப் பேர் ஒரு ராத்திரி முழுக்க. நீங்களே யோசிங்க. முழுக்கை சட்டை கொப்புளத்தை மறைக்கும், மூச்சை மறைக்காது.

முத்து தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே தொத்த ஆரம்பிச்சுடும். கடைசி முத்து வரைக்கும் எல்லாம் காய்ஞ்சு பொருக்கு தட்டினாத்தான் முடியும், சாதாரணமா அஞ்சு முதல் ஏழு நாள். ஊசி போட்டும் லேசா வந்த பிள்ளைங்களுக்குப் பொருக்கே தட்டாம இருக்கலாம், அவங்களுக்கு 24 மணி நேரத்துல புது முத்து எதுவும் வராம இருக்கணும். ஆக, எங்களுக்கு வண்டி ஏற வேண்டிய நாள் முத்து தெரிஞ்ச ரெண்டாவது நாள். இருக்கறதுலயே மோசமான நாள்.

"ஞாயித்துக்கிழமை"ன்னு மேல சொன்னேனே, அன்னைக்குத்தான் எங்க அடுக்குமாடியில ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். பாப்பா அங்க போய் கேக் சாப்பிட்டு, ஊஞ்சல் ஆடிட்டு வந்தா. அந்த வீட்டுக்காரங்களுக்கு போன் பண்ணிச் சொன்னதுதான் இந்த மொத்தக் கதையில எனக்குக் கஷ்டமான அஞ்சு நிமிஷம். ஆனா சொல்லணும். ஏன்னா நோயாளியோட பழகின மூணு நாளுக்குள்ள, அதிகபட்சம் அஞ்சு நாளுக்குள்ள தடுப்பூசி போட்டா நோய் வராம போகவோ லேசா வந்து போகவோ வாய்ப்பு இருக்கு. நாம வெட்கப்பட்டு மறைச்சா அவங்களுக்கு அந்த வாய்ப்பு போயிடும்.

சட்டமும் இருக்கு. 1989 ரயில்வே சட்டம் பிரிவு 56: விதிகள்ல குறிப்பிட்ட தொற்றுநோய் உள்ளவங்க ரயில்வே ஊழியரோட அனுமதி இல்லாம பயணம் பண்ணக்கூடாது. மீறினா நோயாளியோட டிக்கெட் மட்டுமில்ல, கூட வர்றவங்க டிக்கெட்டும் பறிபோகும், இறக்கியும் விடலாம். நடு ராத்திரி ஏதோ ஒரு ஸ்டேஷன்ல காய்ச்சல் பிள்ளையோட இறங்கி நிக்கறதை நினைச்சுப் பாருங்க.

"காசு கொடுத்து கார்ல போயிட்டா?"

இதையும் யோசிச்சேன். சென்னையிலிருந்து எங்க ஊருக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல, ஒன்பது பத்து மணி நேரம். சொந்தக் காரா இருந்தா வழியில அந்நியர் யாருக்கும் ஒட்டாது, சரி. வாடகை கார்னா டிரைவரும் ஒரு வீட்டுக்குப் போறவர்தான். அதுவும் போகட்டும். போய்ச் சேர்ற இடத்துல யார் இருக்காங்க? கார் எடுத்தா அந்தக் கேள்வி மாறிடுமா?

எங்க வீட்டுல அப்போ என் தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருந்தா. எட்டு மாசம் முடியப்போகுது. அவளுக்குச் சின்ன வயசுல அம்மை வந்துச்சா இல்லையான்னு அம்மாவுக்கே சரியா நினைவில்ல. "ஒனக்கு வந்துச்சு, அவளுக்கா?"ன்னு யோசிச்சாங்க. (எனக்கு வந்ததுன்னு சொன்னதும் தப்பு. அதுக்கு வர்றேன்.)

கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தா நுரையீரல் வரைக்கும் போகலாம். பிரசவத்துக்கு அஞ்சு நாள் முன்னாடி தொடங்கி ரெண்டு நாள் பின்னாடி வரைக்கும் அம்மாவுக்கு முத்து போட்டா, பச்சைப் பிள்ளைக்குக் கடுமையா வரும், ஏன்னா தாயோட எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போய்ச் சேர நேரம் இருக்காது. தனியார்ல பச்சிளம் குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுல ரெண்டு நாள் இருந்தாலே என் 6,600 எங்க போச்சுன்னு தெரியாது. காசு கூட ரெண்டாம்பட்சம்.

அப்புறம் எங்க சித்தி. பக்கத்து வீடு, பாப்பாவைத் தூக்கி வெச்சுக்காம இருக்க மாட்டாங்க. சித்தி ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போறவங்க. எங்க பக்கம் விடியக் கருக்கல்ல பார்த்தீங்கன்னா தெரியும், கம்பத்துலயும் கூடலூர்லயும் போடியிலயும் ஜீப் ஜீப்பா பொம்பளைங்க ஏறி மலை மேல கேரளாவுக்குப் போவாங்க, சாயங்காலம் இறங்குவாங்க. போனா சம்பளம், போகலைன்னா இல்ல. பன்னீர் திராட்சைத் தோட்டத்துல குலை வெட்டப் போறவங்களும் அப்படித்தான். பெரியவங்களுக்கு அம்மை வந்தா பிள்ளைங்களை விடக் கடுமையா வரும், குறைஞ்சது ஒரு வாரம் பத்து நாள் படுக்கை. ஜீப்ல நெருக்கியடிச்சு உட்கார்றதால அது ஒரு ஆளோட நிக்கவும் செய்யாது.

"பெரியவங்களுக்கெல்லாம் சின்ன வயசுலயே வந்து போயிருக்கும்"னு நினைப்போம். குளிர்ப் பிரதேசத்துல அது பெரும்பாலும் சரி. நம்ம மாதிரி வெப்பப் பிரதேசத்துல அம்மை வராமலே வளர்ந்துட்ட பெரியவங்க அதை விட அதிகம்.

இங்கதான் எனக்கு உறைச்சது. மாசச் சம்பளக்காரன் நான் கணக்குப் போடும்போது என் டிக்கெட், என் லீவு மட்டும் வரவு செலவுல வந்துச்சு. சித்தியோட பத்து நாள் கூலி என் கணக்குலயே இல்ல. அது என் பாக்கெட்டுலயிருந்து போகாதுங்கறதால எனக்குச் செலவாத் தெரியல, அவ்வளவுதான்.

அம்மா ஒரே வரியில முடிச்சாங்க

இத்தனை கணக்கும் போட்டு, "வேண்டுதல் இருக்கே, சாமி குத்தம் ஆயிடுமோ"ன்னு ஒரு தயக்கம் மிச்சம் இருந்துச்சு. போன் பண்ணேன். அம்மா சொன்னாங்க: "ஆத்தாளே ஒன் வீட்டுக்கு வந்து உக்காந்துருக்கா. அவள விட்டுப்போட்டு நீ எங்கப்பா வீரபாண்டிக்கு வர்ற? வேப்பிலையக் கட்டிட்டு வீட்டுலயே இரு. மூணு தண்ணி ஊத்திட்டு வா."

நான் ஒரு நாள் முழுக்கத் தேடிப் படிச்சது எல்லாம் இதுக்குள்ள இருக்கு. வாசல்ல வேப்பிலை பார்த்தா யாரும் உள்ள வர மாட்டாங்க. வீட்டு ஆளும் வெளிய விசேஷத்துக்குப் போக மாட்டாங்க. முத்து இறங்கி முதல் தண்ணி ஊத்தி, ரெண்டாவது, மூணாவது தண்ணி ஊத்தி முடிய, எல்லாப் பொருக்கும் காய்ஞ்சிருக்கும். காரணம் வேற சொல்லியிருக்கலாம், நாள் கணக்கு சரியாத்தான் இருக்கு. ஒரு விஷயத்துல மட்டும் பழைய வழக்கத்தோட நான் ஒத்துப்போகல. அம்மைக்கு டாக்டர்கிட்டப் போகக்கூடாதுன்னு சிலர் இன்னும் சொல்றாங்க. போகணும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் டாக்டர் சொன்ன அளவுல போதும், பிள்ளைங்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, ஐபுப்ரூஃபனும் வேண்டாம். மூச்சு வாங்குறது, எழுப்ப முடியாத தூக்கம், நிக்காத வாந்தி, தள்ளாட்டம், முத்தைச் சுத்தி சிவந்து சூடா வீங்குறது, நாலு நாள் தாண்டியும் காய்ச்சல், இதுல எது வந்தாலும் பயணம் கூடாதுங்கற பேச்சே கிடையாது, நேரா ஆஸ்பத்திரி. 108 கூப்பிடுங்க. போனதும் வாசல்லயே "அம்மை"ன்னு சொல்லிடுங்க, கூட்டத்துல உட்கார வெச்சுடாதீங்க.

ஊர்ல இருக்கும்போது வந்துட்டா?

இது நிறைய பேருக்கு நடக்கும், ஏன்னா மாசியிலிருந்து சித்திரை வரைக்கும்தான் அம்மை அதிகம், அந்தக் கடைசியில திருவிழாவும் பள்ளிக்கூட லீவும். ஊர்ல இறங்கின மூணாவது நாள் முத்து தெரியுது, ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்புற டிக்கெட், திங்கள் காலையில ஆபீஸ். இங்க டிக்கெட்டை விட லீவுதான் பெரிய செலவு. மாசம் 45,000 வாங்குறவருக்கு ஒரு நாள் சம்பள வெட்டு 1,500. அஞ்சு நாள்னா 7,500.

அதுக்காகப் பிள்ளையை வண்டியில ஏத்தாதீங்க. பேச்சு நடத்துங்க. முதல்ல, கணவன் மனைவி ரெண்டு பேருமே தங்கணும்னு இல்ல. ஏற்கெனவே அம்மை வந்தவரோ ரெண்டு ஊசியும் போட்டவரோ யாருன்னு பாருங்க, ஒருத்தர் கிளம்பலாம். ரெண்டாவது, லீவுன்னு கேட்காம "ஒரு வாரம் ஊர்லயிருந்து வேலை பார்க்கிறேன், டாக்டர் சீட்டு அனுப்புறேன்"னு கேளுங்க. மேனேஜர்களுக்கு ஆபீஸ்ல அம்மை பரவறது பிடிக்காது, இதுக்கு இசைவாங்க. மூணாவது, உங்க உரிமை என்னன்னு தெரிஞ்சுக்கங்க. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்குக் கீழ வர்ற இடத்துல வருஷத்துக்கு 12 நாள் வரை உங்க சொந்த உடம்புக்கு நோய் விடுப்பு, நியாயமான எந்தக் காரணத்துக்கும் 12 நாள் வரை தற்செயல் விடுப்பு, ரெண்டும் சம்பளத்தோட. பிள்ளைக்கு அம்மைங்கறது நியாயமான காரணம். நோய் விடுப்பு உங்களுக்கு வந்தாத்தான், அதனால அதைப் பிள்ளைக்காகக் கரைக்காம வைங்க. எதுக்கு வைக்கச் சொல்றேன்னு அடுத்து சொல்றேன். இ.எஸ்.ஐ.யில இருக்கறவங்களுக்குப் பிள்ளையோட வைத்தியம் அதுலயே வரும். இல்லாதவங்களுக்கும் தேனியில கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. வெறும் டாக்டர் ஃபீஸ், மருந்துச் செலவை நம்ம ஹெல்த் இன்சூரன்ஸ்ல பெரும்பாலும் கேட்க முடியாது, ஆஸ்பத்திரியில சேர்ந்தாத்தான்.

ரெண்டாவது அலை

இதை யாரும் பட்ஜெட்ல போடுறதில்ல. ஒட்டினதுலயிருந்து முத்து தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். ஆக வீட்டுல முதல் பிள்ளை எழுந்து ஓட ஆரம்பிச்சு, நாம "அப்பாடா"ன்னு உட்கார்ற நேரத்துல அடுத்த ஆள் படுப்பாங்க. வீட்டுல இன்னொரு பிள்ளை இருந்தா, முதல் பிள்ளைக்கு முத்து தெரிஞ்ச ரெண்டாவது வாரத்துலயிருந்து நாலாவது வாரம் வரை அந்தப் பிள்ளைக்கும் டிக்கெட் போடாதீங்க, பார்க்க நல்லா இருந்தாலும்.

எங்க வீட்டுல அந்த அடுத்த ஆள் நான். பாப்பாவுக்கு வந்து சரியா பதினாறாவது நாள். "ஒனக்கு வந்துச்சு"ன்னு அம்மா சொன்னது தட்டம்மையா இருந்திருக்கு போல. பாப்பா அஞ்சு நாள்ல எழுந்துட்டா. எனக்கு 103 டிகிரி, தொண்டைக்குள்ள முத்து, தண்ணி முழுங்க முடியல. பெரியவங்கறதால டாக்டர் முதல் நாளே வைரஸ் மாத்திரை ஆரம்பிச்சார், அது 24 மணி நேரத்துக்குள்ள தொடங்கினாத்தான் நல்லாக் கேட்கும். எட்டு நாள் ஆபீஸ் போகல. நோய் விடுப்பு அஞ்சு நாள்தான் மிச்சம் இருந்துச்சு, மூணு நாள் சம்பள வெட்டு, 4,500. டிக்கெட் நஷ்டம் 1,433. ரெண்டும் சேர்த்து 5,933, டாக்டர் மருந்து தனி.

இப்ப தடுப்பூசி. பாப்பாவுக்கு நாங்க போடல. காரணம் கேவலமானது: அரசாங்க இலவசப் பட்டியல்ல இல்ல, "தட்டம்மை ஊசி போட்டாச்சே"ன்னு விட்டுட்டோம். அரசு போடுறது தட்டம்மை, ரூபெல்லாவுக்கு. சின்னம்மை வேற கிருமி, வேற ஊசி, தனியார்ல காசு கொடுத்துத்தான். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 15 மாசத்துல முதல் டோஸ், கொஞ்ச மாசம் விட்டு ரெண்டாவது டோஸ்னு பரிந்துரைக்குது. ஒரு டோஸ் சுமாரா ரெண்டாயிரம் ரூபாய் பக்கம் வரும், கம்பெனியைப் பொறுத்து முன்ன பின்ன. ரெண்டு டோஸ் நாலாயிரம். அதை மிச்சம் பிடிச்சு அஞ்சாயிரத்துச் சொச்சம் கொடுத்திருக்கேன், ரெண்டு பேர் உடம்பையும் சேர்த்து.

இந்த ஊசி வந்த கதையும் ஒரு அப்பாவோட கதைதான். ஜப்பான் டாக்டர் மிச்சியாகி தகாஹாஷி 1960-கள்ல அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தப்போ அவர் மகனுக்குச் சின்னம்மை கடுமையா வந்துச்சு. அதுக்கப்புறம்தான் இதுல இறங்கி, 1974-ல தடுப்பூசியைச் செஞ்சு காட்டினார். அம்மை வராத பெரியவங்களும் நாலு முதல் எட்டு வாரம் இடைவெளி விட்டு ரெண்டு டோஸ் போட்டுக்கலாம். கர்ப்பிணிங்க போடக்கூடாது, போட்டப்புறம் ஒரு மாசம் கர்ப்பம் தள்ளிப் போடணும். அதனால கல்யாணம் ஆகப்போற தம்பி தங்கச்சிங்க இப்பவே டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு வைங்க. வந்துச்சா இல்லையான்னு தெரியாதவங்களுக்கு ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சுடும்.

எங்க வீட்டுல இப்போ ஒரு சின்ன மாத்தம். ஊருக்குப் போற செலவுன்னு தனியா ஒரு கணக்கு வெச்சிருக்கேன், மாசம் 1,500 அதுல போகும். அதுல ரெண்டாயிரம் எப்பவும் தொடாம இருக்கும், "போக முடியாமப் போனா" அப்படின்னு பேர். ரத்துக் கட்டணம் அதுலயிருந்து போனா வலிக்காது. வலிக்காம இருந்தாத்தான் முடிவு சீக்கிரம் எடுக்க வரும்.

தங்கச்சிக்கு வைகாசி நடுவுல குழந்தை பிறந்துச்சு, டாக்டர் சொன்ன தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே. ஆம்பளப் பிள்ளை, ரெண்டு கிலோ எழுநூறு. போன்ல சேதி கேட்டப்போ நான் முதுகுல பொருக்கோட படுத்திருந்தேன். கையிலயே எண்ணிப் பார்த்தேன். அந்தப் புதன்கிழமை வண்டியில நாங்க ஏறியிருந்தா, ஊர்ல இறங்கினதுலயிருந்து அது பத்தொன்பதாவது நாள்.

ஆவணியில போனோம், அதே போடி வண்டி. வீரபாண்டியில கூட்டமே இல்ல. பாப்பா தன் கையால உப்பும் மிளகும் போட்டா, அம்மா வேண்டிக்கிட்டது அதுதான். அப்புறம் வீட்டுக்குப் போய் சித்தி மடியில ஏறி உட்கார்ந்தவ, திரும்பி சென்னைக்குக் கிளம்புற வரைக்கும் இறங்கல.